நிறுத்தச் சொன்னவர்

“என் அப்பா என்ன, நீங்க கூண்டுல வளர்க்கிற எலியா?”

மகள் நாற்காலியில் உட்காரவில்லை. பஸ் டிக்கெட் கவுன்டரில் வருஷக்கணக்காக ஜனங்களோடு மல்லுக்கட்டிப் பழகிய குரல். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

“உட்காரும்மா” என்றார் ஆராய்ச்சி டாக்டர். தலை முழுக்க நரைத்த பெண்மணி.

“உட்கார வரலை. மாத்திரையை நிறுத்துங்க, மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு காலையில உங்க நர்ஸ் போன் பண்றாங்க. ஏன்னு கேட்டா டாக்டரைக் கேளுங்கங்கிறாங்க. கேட்கிறேன், சொல்லுங்க.”

“ஆராய்ச்சியையே நிறுத்திட்டோம்மா. எல்லாருக்கும்.”

அப்பா மூலை நாற்காலியில் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். சுவருக்கு வர்ணம் அடித்தே ஆயுளைக் கழித்த மனிதர். இதயம் பலவீனமான பிறகு, கட்டிலை விட்டு எழுந்து குளியலறைக்குப் போவதற்குக்கூட மகளின் தோள் வேண்டியிருந்தது. இங்கே புது மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யார் யார் கையையோ காலையோ பிடித்து அவரைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

மாத்திரை வேலை செய்தது. மனிதர் தானாக மாடி ஏறினார். ஷேவ் பண்ணும்போது பாட்டு வேறு. சுருதி சேராத பாட்டு. அவளுக்கு அதைவிட நல்ல பாட்டு உலகத்தில் இல்லை.

“எழுந்து நடமாடுறவர்கிட்டேயிருந்து மருந்தைப் பிடுங்குறீங்களே, இது எந்த ஊர் நியாயம்?”

“நடமாட்டம் வரும்மா. அதுதான் ஆபத்து. சோர்ந்த குதிரையைச் சாட்டையால அடிச்சா ஓடத்தானே செய்யும்? திடீர்னு ஒருநாள் தாளம் தப்பி நின்னுடும். மூணு பேர் தூக்கத்துலயே போயிட்டாங்க.”

“இதயம் கெட்டவங்க சாகிறது என்ன புதுசா?”

“நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்” என்றார் டாக்டர் மெதுவாக.

அந்த மெதுவான பேச்சுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“உங்களுக்கு வேண்டியது கிடைச்சிருக்கும். நாலு மாநாட்டுல பேசுவீங்க, மாலை போடுவாங்க. நாங்க மறுபடியும் கட்டிலும் பக்கெட்டுமா கிடக்கணும். அப்படித்தானே?”

“இதுல எனக்கு மாலை எதுவும் வராதும்மா. இந்த மருந்தைக் கண்டுபிடிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. பாதி வயசு இதுலதான் போச்சு.”

“அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?”

“ஒருத்தர் வந்து உண்மையைச் சொன்னார். எல்லாரும் ‘நல்லா இருக்கேன் டாக்டர்’னுதான் சொல்வாங்க. சொல்லலைன்னா மருந்து நின்னுடுமோன்னு பயம். அவர் ஒருத்தர்தான், கண்ணு இருட்டிக் கீழே விழுந்ததைச் சொன்னார். உடனே எல்லார் நெஞ்சுலயும் கருவியை மாட்டி இதயத் துடிப்பைக் கவனிச்சோம். பாதிப் பேருக்குத் தாளம் தப்புது. உங்க அப்பாவுக்கும்தான்.”

“யார் அந்த மகராசன்?”

டாக்டர் மேஜைமேல் திறந்திருந்த ஃபைலை மூடினார்.

“அவருக்கு ஒத்துக்கலைன்னா அவர் மட்டும் விட்டுட்டுப் போகவேண்டியதுதானே? தான் கெட்டதும் இல்லாம ஊரையும் கெடுக்கணுமா? கூப்பிடுங்க அவரை. நேருக்கு நேர் கேட்கிறேன்.”

“அதை நான் சொல்லக்கூடாதும்மா.”

“சொல்லமாட்டீங்க. எல்லாரும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க.”

அப்பா எழுந்தார். டப்பாவை மேஜைமேல் வைத்தார். டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

“போலாம்மா” என்றார்.

அவர் கும்பிட்டதைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தாள். நடைபாதை முழுக்கப் புலம்பல்தான்.

“கும்பிடு வேற. வாயில என்ன கொழுக்கட்டையாப்பா? ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல? எவனோ ஒருத்தன் உயிருக்குப் பயந்து உளறிட்டுப் போறான், அதுக்கு நாம தண்டம் அழணும். நல்லா இருப்பானா அவன்?”

பாதி வழியில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“இங்க வரும்போதெல்லாம் எனக்கு ஜோக் சொல்லுவாரே ஒரு தபால்காரர், ஞாபகம் இருக்கா?”

“அவருக்கு என்ன இப்போ?”

“தூக்கத்துல போன மூணு பேர்ல அவரும் ஒருத்தர். மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க அவர் சம்சாரம் வந்திருந்தாங்க. ‘கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தார்ங்க, ஒரு குறையும் சொல்லலை’ன்னாங்க.” அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்தார். “அந்த மனுஷனும் எங்கேயாவது விழுந்துதான் இருப்பார். வீட்டுல மறைச்சிருப்பார்.”

“அதுக்கு?”

“அதுக்கில்லம்மா. அந்த உண்மையைச் சொன்னவனைத் திட்டாதே. உயிருக்குப் பயந்தவன் இல்லை அவன். பயந்தது வேற எதுக்கோ.”

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“மாத்திரை நின்னா மறுபடியும் உன் தோள்லதானே சாயணும்னு பயந்துதாம்மா, ரெண்டு தடவை விழுந்ததை, அந்தம்மா வந்து அழுற வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்.”