மேலே வரும் காற்று

நாலு பக்கமும் கரை தெரியாத கடல். படகுக்கு நேர் கீழே, அறுபதடி ஆழத்தில், ஒரு மலை உச்சி மூழ்கிக் கிடக்கிறது. போன வருஷம் வரை முக்குளிக்க வருகிறவர்களை அங்கே கூட்டிப்போனவள் நான். செவிப்பறை கிழிந்ததோடு சரி. குளிக்கும்போதே காதில் பஞ்சு வை என்கிற டாக்டரிடம் கடலைப் பற்றி என்ன பேச? இப்போது சிலிண்டரில் காற்று அடைத்துக் கொடுக்கிறேன், தம்பி இறங்குகிறான். முதுகில் வெயில் காய, படகின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறேன். ஒரே கொத்தாக வந்துகொண்டிருந்த அவன் மூச்சுக் குமிழிகள் சட்டென்று இரண்டாகப் பிரிந்து ஏறுகின்றன. நடுவில் கூரை மாதிரி எதுவோ நிற்கிறது. அதுதான், இடது இறக்கையில் வெட்டுள்ள மாண்டா திருக்கை. குமிழிகள் வயிற்றில் உரசினால் போதும், சொக்கிப்போய் அசையாமல் நிற்கும். நான் இறங்கிய நாட்களில் என் தலைக்கு மேலும் அப்படித்தான் நின்றிருக்கிறது. “எவ்வளவு நேரம்மா கை கழுவுவ?” என்கிறார் படகோட்டி. “கொஞ்சம் இருங்கண்ணே, வந்திருக்கு.” காலையில் நான் அடைத்த காற்று, அதன் வயிற்றைத் தடவிவிட்டு, குமிழி குமிழியாக ஏறிவந்து என் உள்ளங்கையில் உடைகிறது. விரல்களை மூடுகிறேன். ஒன்றும் நிற்கவில்லை. மறுபடி விரிக்கிறேன்.