எட்டுப் பெயர், ஒரு நெஞ்சு

"மூச்சை இழுத்துப் புடி. அசையாதே" என்றார் ராசாங்கம். அவர் சொல்லி முடிக்குமுன்பே பிச்சைமுத்து மூச்சைப் பிடித்து, தோளை முன்னால் தள்ளி, தாடையைத் தூக்கி, தகட்டோடு ஒட்டி நின்றுவிட்டான். எக்ஸ்ரே மெஷினோடு கூடப் பிறந்தவன் மாதிரி இருந்தது.

ராசாங்கம் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினார். மெஷின் உறுமி அடங்கியது.

அரியலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. எழுபத்தெட்டில் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நெஞ்சு சுத்தம் என்று பிலிம் சொன்னால்தான் ஏஜெண்டு மேற்கொண்டு பேப்பரைத் தொடுவான்.

இருட்டறையில் கழுவிய பிலிமை வெளிச்சத்தில் பிடித்ததும் ராசாங்கத்துக்குத் திக்கென்றது. வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே, எலும்பு முறிந்து கோணலாகக் கூடிய முடிச்சு. போன வாரம் அய்யாக்கண்ணு என்று வந்தவன் பிலிமிலும் இதே முடிச்சைப் பார்த்த ஞாபகம். வரிசையில் வருகிற முகங்களை அவர் கவனிப்பதில்லை, நெஞ்சைத்தான் பார்ப்பார்.

மாதக் கடைசியில் ஏஜெண்டு வாங்கிப்போக அடுக்கி வைத்திருந்த பிலிம்களை உருவினார். எட்டுப் பெயர். முடிச்சு ஒன்றுதான்.

வெளியே வந்து அவன் கையைப் பிடித்தார். "உம் பேரு என்னடா?"

"சீட்டுல இருக்கே சார், பிச்சைமுத்துன்னு."

"உங்கப்பன் வச்ச பேரைச் சொல்லு. இல்ல, டாக்டர்கிட்ட போவமா?"

அவன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "செல்லப்பனுங்க. விக்கிரமங்கலம்."

"தோள்ல என்ன?"

"பனைமரத்துலேர்ந்து வுழுந்தேன் சார். அதுலயா மாட்டிக்கிட்டேன்?"

"எதுக்குடா உனக்கு இந்தப் பொழப்பு?"

"பீடி குடிச்சு நெஞ்சு கரிப்பானையா இருக்கவனுக்கும் துபாய் ஆசை வருது சார். எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்ல, அவனுக்குப் பதிலா வந்து நிக்கிறேன். புரோட்டா வாங்கித் தராங்க, மேட்னி கூட்டிட்டுப் போறாங்க. ஒரு நிமிசம் நின்னா என்னா கொறஞ்சிடப் போவுது?"

ராசாங்கத்துக்குக் கோபம் வடிந்தது. இருபத்துநாலு வயசுகூட இருக்காது. தன் சட்டையில் குத்தியிருந்த சின்ன வில்லையைத் தொட்டுக் காட்டினார்.

"எம்மேல எவ்வளவு கதிர் படுதுன்னு இதை வாங்கி பம்பாயில பாக்குறாங்க. பின்னாடி ஒளிஞ்சு நிக்கிற எனக்கே இந்தப் பாடு. முன்னாடி நெஞ்சைக் காட்டி நிக்கிற உனக்கு யாருடா பாக்குறா?"

"ஒண்ணும் சுடலையே சார்?"

"சுடாது, வலிக்காது. ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆயிடாது. அவசியமில்லாம சும்மாச் சும்மா வாங்குனா கொஞ்சங் கொஞ்சமா ஒடம்புல சேந்துக்கிட்டே போவும். என்னிக்கு என்னா பண்ணும்னு எவனுக்கும் தெரியாது. ரத்தம் கெடும். நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு ஆயி, புள்ளகுட்டி..." என்று இழுத்தார்.

செல்லப்பனின் கை தானாக வேட்டி முடிச்சுக்குப் போனது. முகத்தில் ஈ ஆடவில்லை. "புள்ளகுட்டி... என்னாங்க சார்?"

"அதைத்தான் சொல்ல வரேன்."

"இனிமே ஒரு பொட்டுக் கதிர் எம்மேல படாது சார்!" செல்லப்பன் சட்டையைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடினான். புரோட்டாவுக்குக்கூட நிற்கவில்லை.

அதன்பிறகு எந்தப் பிலிமைப் பார்த்தாலும் ராசாங்கத்தின் கண் முதலில் தோளுக்குத்தான் போகும். மூன்று மாதமாக அந்த முடிச்சு வரவேயில்லை. ஓர் உடம்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. சம்சாரத்திடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை அந்த அம்மாள் கொட்டாவி விட்டாள்.

தீபாவளி கழிந்த வாரம் பெஞ்சில் செல்லப்பன் உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, கழுத்துவரை பொத்தான். பக்கத்தில் ஒரு ஒல்லி ஆள், சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

ராசாங்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "திரும்ப வந்துட்டியா? இன்னிக்கு யாருடா நீ?"

"செல்லப்பன்தான் சார்" என்று சீட்டை நீட்டினான். விக்கிரமங்கலம் செல்லப்பன் என்றே இருந்தது. கூடவே மணக்க மணக்கப் புது பாஸ்போர்ட்டு, உள்ளே அவன் போட்டோ. "எனக்கே விசா வந்துடுச்சுங்க!"

ராசாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி வாடா வழிக்கு! இதுக்குத்தாண்டா எக்ஸ்ரே. உனக்குன்னு ஒரே ஒரு தடவை, தாராளமா எடுத்துக்கலாம். ஒண்ணும் பயமில்ல, உள்ள வா."

செல்லப்பன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒல்லி ஆளின் முதுகில் தட்டி எழுப்பிவிட்டான்.

"நீங்க அன்னிக்குச் சொன்னதுலேர்ந்து நான் அந்த ரூம் பக்கமே தலை வச்சுப் படுக்கிறதில்ல சார்" என்றான். "விசாதான் என்னுது. நெஞ்சு இவனுது."