நூல்கண்டு ஒட்டகம்

கேரம் போர்டின் பின்பக்கத்தில் பத்துக்குப் பத்தாகக் கட்டம் போட்டு, பெரிய சதுரங்கம் ஒன்று தயாரானது. அதில் ஒட்டகம் என்று ஒரு புதுக் காய். குதிரை மாதிரிதான், ஆனால் ஒரு கட்டம் கூடுதலாகத் தாவும். கடையில் கிடைக்காததால், தையல் பெட்டியிலிருந்த காலி நூல்கண்டுகள் ஒட்டகங்களாக வந்து நின்றன.

வெள்ளைச் சிப்பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒட்டகமாம்! திமில் எங்கே?"

பின்னால் நின்ற வெள்ளை நூல்கண்டுக்குச் சுருக்கென்றது. "ஏண்டா, உங்க மந்திரிக்கு மூக்கு இருக்கா, வாய் இருக்கா? அவரை யாராவது கேட்டீங்களா?"

"அவர் பரம்பரைக் காய். ராஜா, இவங்களைப் பெட்டிக்கே அனுப்புங்க!"

"ஆட்டம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார் வெள்ளை ராஜா.

ஆட்டம் சூடு பிடித்தது. சிப்பாயை வெட்ட வந்த கறுப்புக் குதிரையை நூல்கண்டு தாவி வெட்டியது; அடுத்த நொடியே தானும் வெட்டுப்பட்டு, போர்டுக்கு வெளியே உருண்டது. பிழைத்த சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நடந்து கடைசி வரிசையை எட்டியது. இனி அது விரும்பிய காயாக மாறலாம்.

"ராணியாகிடு!" என்று எல்லாரும் கத்தினார்கள்.

சிப்பாய் கணக்குப் போட்டுப் பார்த்தது. கறுப்பின் அடுத்த நகர்த்தலில் தங்கள் ராஜா காலி. அதற்குள் கறுப்பு ராஜாவை மடக்க ராணியால் முடியாது. ஒட்டகத்தின் தாவலால் மட்டுமே முடியும். அது மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது.

"அக்கா... நான் நீங்களா ஆகணும்."

"தாராளமா ஆகலாம். முதல்ல அந்தக் கட்டத்தைவிட்டு இறங்கு" என்றபடி உருண்டு வந்தது நூல்கண்டு.