கொசு அறை

"பேர் எழுத வேண்டாம். உங்க வழிகாட்டிகிட்ட இருக்கிற ஒரு குறையை மட்டும் எழுதுங்க. யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது."

மெட்ராஸிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த எலிசபெத் மேடம் இப்படிச் சொன்னதும் பார்கவிக்குத் தைரியம் வந்துவிட்டது.

பாளையங்கோட்டையில் மலேரியாக் கொசு ஆராய்ச்சி. அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இளம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று அவளையும், கூட வேலை பார்க்கிற மூன்று பையன்களையும் இன்று உட்கார வைத்திருந்தார்கள். எதிரே அவர்கள் வழிகாட்டி காந்திமதிநாதன் சார்.

இரண்டு மாதமாக அவளுக்குக் கொசுப்புழு எண்ணுகிற வேலைதான். எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போச்சு. கூண்டில் கொசு வளர்க்கிற கொசு அறைப் பக்கம் போனால் போதும், "அங்கன நீ வராதம்மா" என்று சார் கதவைச் சாத்திவிடுவார்.

இருந்த ஆத்திரத்தையெல்லாம் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

மேடம் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"குறையே இல்லை."

"சார் தங்கமானவர்."

"கான்டீன் காபி சரியில்லை."

நாலாவது சீட்டு கொஞ்சம் நீளம்.

"பெண் என்பதால் என்னை மட்டும் கொசு அறைக்குள் விடுவதில்லை. வேலையே தராமல் கட்டுரையிலும் என் பேரை விட்டுவிடுவார்."

எல்லாத் தலையும் பார்கவி பக்கம் திரும்பியது. நாலு பேரில் பெண் அவள் ஒருத்திதானே!

வேலை போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதில் சொல்லுங்க சார். ஒரு தலைவர் ஆள் பார்த்து வேலை பிரிக்கலாமா?" என்றார் மேடம்.

சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"அது... ரூம் சின்னது."

"அப்ப சாய்ராம் மட்டும் எப்படிப் போறார்?" மேடம் பையன்களில் குண்டாக இருந்தவனைக் காட்டினார். "அவர் ரெட்டைநாடி ஆச்சே!"

சாய்ராம் பொறுக்க முடியாமல் எழுந்தான். முழுக்கைச் சட்டையைச் சுருட்டினான். கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

"ஏலே, உக்காருலே!" சார் அதட்டினார்.

"சும்மா இருங்க சார். மேடம், கொசு முட்டை போடணும்னா ரத்தம் குடிக்கணும். நாங்கதான் முறை வச்சுக் கூண்டுக்குள்ள கையை விடுதோம். நோயில்லாத கொசுதான். ஆனா கடி கடிதான்."

"பார்கவிக்கு முறை கிடையாதா?"

"உண்டு. திங்கக்கிழமை. ரெண்டு மாசமா அன்னைக்கு சார் கைதான் போவுது. கட்டுரையில பார்கவி பேரும் இருக்கு. நேத்து டைப் அடிக்கக் குடுத்ததே நான்தான்."

பார்கவியால் நிமிர முடியவில்லை.

"இதை அவங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?" மேடம் கேட்டார்.

"சொன்னா அன்னைக்கே கையை நீட்டிருவா, ரோசக்காரி," என்று சார் முனகினார். "வீட்டுல ஆறு மாசப் பிள்ளை பாலுக்கு வாயைத் திறந்துக்கிட்டு இருக்கு. அந்த ஒரு வாய்க்கே அவ திங்கிற சோறு பத்தாது. இங்கன இருநூறு வாய்க்கு எங்க போவா, பாவம்?"