புண்ணியவான் பார்த்த வேலை

"எந்தப் புண்ணியவான் சார் இந்த வேலையைப் பார்த்தது?"

குளியலறை ஸ்டூலில் ஏறி நின்று, மூடி கழற்றிய வாட்டர் ஹீட்டருக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டான் சர்வீஸ் இன்ஜினியர்.

வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது.

"ஏன் தம்பி, சரியில்லையா?"

"தெர்மோஸ்டாட்டை ஐம்பதுலயே நிறுத்தி வச்சிருக்கான் சார். இதுக்கு ஒரு வாளித் தண்ணியை வெயில்ல வச்சுக் குளிச்சிடலாம்."

வீட்டுக்காரர் கடகடவெனச் சிரித்தார். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி வெளிச்சத்தை அவன் கைப்பக்கம் திருப்பினாள். பின்னால் நின்ற மகள் அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அவன் அதைக் காதலாக எடுத்துக்கொண்டான்.

தப்பில்லை. இரண்டு வருடமாகக் காதல்தான். அவனுடைய கம்பெனியிலேயே புகார்களுக்கு ஃபோன் எடுப்பவள் அவள். நேற்று தன் வீட்டு ஹீட்டரையே புகாராகப் பதிந்து, அவனுக்கு ஒதுக்கியிருந்தாள்.

"வீட்டுல நம்ம விஷயத்தைச் சொல்லிட்டேன். முதல்ல உங்க வேலையைப் பாக்கணுமாம். அது பிடிச்சாத்தான் கல்யாணப் பேச்சாம். அப்புறம் இன்னொண்ணு, எங்க வீட்டுல..." என்று அவள் ஃபோனில் தொடங்கியதை அவன் முடிக்க விடவில்லை.

"உங்கப்பாவை நான் பாத்துக்கறேன், விடு."

சொன்னபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அப்பா அவன் பேச்சில் சொக்கிப்போயிருந்தார்.

"கட்டிங் பிளேயர் கொடுங்கம்மா" என்று கையை நீட்டினான். அம்மா ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.

"பிளேயர் கேட்டேன்மா" என்று சிரித்தவன், உள்ளே இன்னொரு முறை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஸ்க்ரூ டிரைவரையே வாங்கிக்கொண்டான்.

டெஸ்டரைக் காயிலின் ஒரு முனையில் வைத்தான். எரிந்தது. மறுமுனையில் வைத்தான். அங்கும் எரிந்தது.

"காயில் போயிடுச்சு சார். மாத்தணும். இப்படி ஒரு ஆள் கைவச்சா எப்படி நிலைக்கும்?"

"இறங்கி வாங்க தம்பி, மத்ததையும் பாத்துடுங்க." அப்பா சின்னப் பிள்ளைபோல அவன் கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

வாஷிங் மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்ததும் அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"தண்ணி வெளிய போற குழாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அப்புறம் கீழே இறக்கியிருக்கான். அழுக்குத் தண்ணி மாடி ஏறி இறங்கணுமாம்!"

"அப்படிச் சொல்லுங்க!"

இன்வர்ட்டரைக் காட்டினார்.

"நாலு லைட்டு, ரெண்டு ஃபேன். அவ்வளவுதானா? டிவிக்கு ஒரு லைன் கொடுக்கணும்னு அந்த ஆளுக்குத் தோணலையா?"

"தம்பி, வயித்துல பாலை வார்த்தீங்க" என்றார் அப்பா.

மகளால் தாங்க முடியவில்லை. "கொஞ்சம் தண்ணி குடிக்க வர்றீங்களா?" என்று சமையலறைப் பக்கம் ஜாடை காட்டினாள்.

"வேலை நேரத்துல வேண்டாம் மேடம்" என்றான் மிடுக்காக. பிறகு அப்பாவிடம் திரும்பினான். "அந்த ஆள் யாருன்னு சொல்லுங்க சார். இனிமே அவன் கையில ஸ்க்ரூ டிரைவரே கொடுக்கக் கூடாது."

"நானும் ரொம்ப வருஷமா சொல்லணும்னு பாக்கறேன். தைரியம்தான் வரலை."

அம்மா மெயின் ஸ்விட்சை அணைத்தாள். டார்ச்சைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி குளியலறை ஸ்டூலில் ஏறினாள். யாரும் சொல்லாமலே அவர் வெளிச்சத்தைச் சரியான இடத்தில் அடித்தார். உள்ளே ஒரு ஸ்க்ரூவை இரண்டு சுற்று இறுக்கினாள்.

"காலையில நான்தான் கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயரைக் கழட்டி வச்சேன்" என்றாள். "காயில் அறுந்திருந்தா டெஸ்டர் ஒரு முனையிலதான் எரியும். ரெண்டு முனையிலயும் எரிஞ்சா காயில் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

அவன் டெஸ்டரை எடுத்துப் பைக்குள் போட்டான்.

"ஐம்பதுக்கு மேல வச்சா இந்த உப்புத் தண்ணியில ஆறே மாசத்துல காயில்ல சுண்ணாம்பு கட்டிடும். குழாயைத் தூக்கிக் கட்டலைன்னா சாக்கடைத் தண்ணி மெஷினுக்குள்ள திரும்பி வரும். டிவிக்கு லைன் கொடுக்காதது, கரண்ட் இல்லாத நேரத்துலயாவது இந்த மனுஷன் வீட்டுல நாலு வார்த்தை பேசட்டும்னு."

மெயினைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் மெல்ல இரைய ஆரம்பித்தது. கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "இதைத்தான் ஃபோன்ல சொல்ல வந்தேன்."

இரண்டு வருடமும் இந்தக் குளியலறைத் தண்ணீரோடு போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. பையைத் தோளில் மாட்டினான். "நான் வர்றேன் சார்."

"காபிக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு கேளுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அப்பா அவன் தோளிலிருந்து பையை இறக்கினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. முப்பது வருஷத்துக்கு முன்னாடி மோட்டார் மெக்கானிக்கா இவ வீட்டுக்குப் போய், 'எந்தப் புண்ணியவான் இந்த வேலையைப் பார்த்தது'ன்னு இவகிட்டயே கேட்டவன் நான்" என்றவர், டார்ச்சை அவன் கையில் வைத்து அழுத்தினார். "இந்தாங்க, இப்பவே பிடிச்சுப் பழகிக்கோங்க. என் பொண்ணும் அவ அம்மா மாதிரிதான்."