ஒயர் சொருகாத கிட்டார்

அவன் கிட்டாரில் ஒயர் சொருகியிருக்கவில்லை.

தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். பதிவான பாட்டு ஓடும். பேண்டின் நான்கு பேரும் வாசிப்பதுபோல் கையை அசைத்தால் போதும். டிரம்ஸின் சிம்பல் தட்டுகளுக்குக்கூடச் சத்தம் வராமல் துணி ஒட்டியிருந்தார்கள்.

டிவியின் பண்டிகை நிகழ்ச்சி. ஊரெல்லாம் ஆடிய பாட்டு. அவன் மெட்டுப் போட்டதுதான், இருபது நிமிடத்தில்.

அடுத்த ஆல்பம் முழுக்க அதைப்போலவே வேண்டும் என்று காலையில் பாட்டுக் கம்பெனியில் சொன்னார்கள். மூன்று வருடமாக அவன் செய்துவந்த ஒரு பாட்டை அதிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். ஏழு நிமிடம் யார் கேட்பார்கள்?

சரி என்றான்.

வருத்தம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

மதியம் பிரியாணி கொடுத்தார்கள். சாப்பிட்டான். பவுடர் போட வந்தார்கள். முகத்தைக் காட்டினான்.

பாட்டு ஓடியது. சிரிக்கச் சொன்ன இடத்தில் சிரித்தான்.

பாதியில் விரல்கள் வேறெங்கோ போயின. அந்த ஏழு நிமிடப் பாட்டுக்கு. மெதுவாக.

ஸ்பீக்கர் இரைச்சலில் அவனுக்கே அது கேட்கவில்லை.

சிறுவயதில் சர்ச்சில் வாசித்தபோது, ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பி வாசித்தான். அது எப்போது விட்டுப்போனது என்று நினைவில்லை.

பக்கவாட்டில் திரும்பினான்.

டிரம்ஸில் ரூபஸ். சர்ச் காலத்திலிருந்தே கூட இருப்பவன். இவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். துணி ஒட்டிய சிம்பலில், மெதுவாக, அந்தப் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கட்! பாட்டு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. யாருங்க அது?" டைரக்டர் கத்தினார்.

ரூபஸ் குச்சியைத் தூக்கிக் காட்டினான்.

"நான்தான் சார். பிரியாணி கொஞ்சம் ஓவராயிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரூபஸ் இவன் பக்கம் குனிந்தான்.

"டேய், ரெண்டாவது சரணத்துல அவசரப்படுற. கொஞ்சம் நின்னு போ."

ஊரெல்லாம் ஆடிய பாட்டில் சரணமே கிடையாது.

"ஒன் மோர்! ரெடியா சார்?"

"ஒரு நிமிஷம்" என்றான் அவன்.

காதைக் கிட்டாரின் மரத்தோடு சேர்த்து வைத்தான். ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்க்கத் தொடங்கினான்.