படம் இருக்கும் இடம்

கணவனிடமிருந்து தப்பிக் கோவில்பட்டிக்கு வந்த புஷ்பலீலா, சிம் கார்டையும் பெயரையும் மாற்றிக்கொண்டாள். விட்டுவந்த பூனையை மட்டும் மறக்க முடியவில்லை. பூனை வளர்ப்போர் கூடும் ஒரு சிறிய இணையதளத்தில் அவன் அதன் படத்தைப் போட்டிருந்தான். அவள் தினமும் திறந்து பார்த்தாள்.

"சும்மா பாத்தேன், அவ்வளவுதான். ஒரு லைக்கூடப் போடல ஜெசி."

அறைத்தோழி ஜெசிந்தா தலையில் கைவைத்தாள். "படம் அந்தத் தளத்துல இல்லட்டி. அங்க இருக்கது வெறும் லிங்க். படம் அவன் கம்ப்யூட்டர்ல இருக்கு. நீ பக்கத்தைத் திறந்ததும் உன் போன் நேரா அவன்கிட்டப் போயி படத்தைக் கேக்கும். எங்க அனுப்பணும்னு சொன்னாத்தான அவன் அனுப்ப முடியும்?"

"வீட்டு அட்ரஸையா சொல்லும்?"

"அதில்ல. ஊரு வரைக்கும் தெரிஞ்சிரும்."

"எத்தனையோ பேரு பாப்பாங்களே!"

"பாப்பாங்க, ஒரு தடவை. ஒரே படத்தைத் தெனமும் வந்து பாக்கது யாருன்னு அவனுக்குத் தெரியாதாக்கும்?"

புஷ்பலீலாவின் விரல் அதற்குள் பக்கத்தைத் திறந்துவிட்டது. பழைய படம் இல்லை. அதே இடத்தில் கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தின் படம் இருந்தது. அங்கே ஒரு பெஞ்சின்மேல் கம்பிக்கூண்டு.

"லிங்க் அதேதான்," என்றாள் ஜெசிந்தா, குரல் இறங்கி. "படத்தை அவன் எப்ப வேணும்னாலும் மாத்திக்கிடலாம்."

புஷ்பலீலா கூண்டுக்குள் இருந்த பூனையைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எளைச்சுப் போச்சு," என்றாள்.